பத்தாவதுக்குப் பிறகு மெக்கானிக்கல்: பாலிடெக்னிக் வழியா, பிளஸ் டூ வழியா?

பத்தாவது முடித்த பிள்ளை மெக்கானிக்கல் பி.இ. பட்டம் வாங்க எத்தனை வருடம் ஆகும்? பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடம், அதன்பின் பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு. பாலிடெக்னிக் போனால் டிப்ளமோ மூன்று வருடம், பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருடம், அதுவும் ஆறு. இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. டிப்ளமோ என்றால் சுற்றுவழி, வருடம் வீணாகும் என்றே பலர் நினைக்கிறார்கள். ஒரு வருடம்கூடக் கூடுவதில்லை.

இந்த மே மாதம் என் அக்கா சத்தியமங்கலத்திலிருந்து கோவை வந்திருந்தார். மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறான். 500-க்கு 421, கணக்கில் 88. சைக்கிளோ, தண்ணீர் மோட்டாரோ, எது கையில் கிடைத்தாலும் பிரித்துப் பார்க்கிற பையன். மெக்கானிக்கல்தான் என்பதில் அவனுக்கும் சந்தேகம் இல்லை, வீட்டிலும் இல்லை. "நீ டிப்ளமோ படிச்சுத்தானே இன்ஜினியர் ஆனே. இவனையும் அதுலயே சேத்துடலாமா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வந்த வழி நல்ல வழிதான். ஆனால் அந்த வழியில் எந்த இடத்தில் இடறினேன் என்பது எனக்குத் தெரியும். அதோடு, என் காலத்தில் இல்லாத சில வசதிகள் இப்போது பிளஸ் டூ வழியில் வந்திருக்கின்றன. அக்காவிடம் இரண்டு நாள் உட்கார்ந்து பேசியதைத்தான் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மெக்கானிக்கல் படிப்பது என்று முடிவாகிவிட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது. மெக்கானிக்கலா கம்ப்யூட்டரா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் இதை மார்க்கை வைத்து முடிவு செய்கிறார்கள். நல்ல மார்க் வந்தால் பிளஸ் ஒன், குறைந்தால் பாலிடெக்னிக். "படிப்பு ஏறலை, டிப்ளமோல போடுங்க" என்று பிள்ளையின் காதுபடவே சொல்கிறார்கள். இது பெரிய தவறு. டிப்ளமோவில் முதல் நாளே அந்தப் பையன் தோற்றவனாக வந்து உட்காருகிறான். என் வகுப்பில் அப்படி வந்தவர்கள் பாதிப் பேர். கையில் அருமையான தொழில் வந்த பிறகும் அந்த வார்த்தை அவர்களை விடவில்லை.

கை எப்போது இரும்பைத் தொடும்

பாலிடெக்னிக் சேர்ந்தபோது எனக்கு 15 வயது. ஃபிட்டிங் ஷாப்பில் முதல் வேலை, 6 மி.மீ. தடிமன் உள்ள மைல்டு ஸ்டீல் தகட்டில் இரண்டு துண்டு. ஒன்றில் V வடிவத்தில் வெட்டி எடுக்க வேண்டும், இன்னொன்றை அதற்குள் சரியாக உட்காரும்படி அரத்தால் ராவ வேண்டும். பெஞ்ச் வைஸில் தகட்டைக் கவ்வ வைத்து, அரத்தின் பல்லில் இரும்புத்தூள் அடைக்காமல் இருக்கச் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு, மூன்று வாரம் ராவினோம். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து தோல் தடித்துப் போனது. முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்ஸ்ட்ரக்டர் அளவுகோலை எடுக்கவே மாட்டார். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். இடையில் வெளிச்சம் மயிரிழையாகத் தெரிந்தால் போதும், "வெளிச்சம் வருது, போ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஐந்தாவது முறைதான் என் துண்டில் வெளிச்சம் வராமல் இருந்தது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால் என்ன என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் லேத், அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் மெஷின். வெர்னியர் காலிப்பரில் 0.02 மி.மீ. படிப்பது, நான்கு தாடையால் கவ்விப் பிடிக்கும் சக்கில் கம்பியைச் சுற்றவிட்டு மையம் பிடிப்பது, சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போடாமல் இருப்பது என்று எல்லாம் 17 வயதுக்குள் பழகிவிட்டது.

பி.இ.யில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன் பிளஸ் டூ வழியாக வந்தவன். அவன் முதல் வருடம் முழுக்க மெக்கானிக்கல் என்று பெரிதாக எதையும் பார்க்கவில்லை. முதல் வருடம் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய பொதுவானதுதான். ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். பிராக்டிஸ் லேப் என்று ஒன்று உண்டு. அதில் தச்சு, பிளம்பிங், வெல்டிங், ஷீட் மெட்டல் ஒவ்வொன்றிலும் சில மணி நேரம். லேத்தை அவன் தொட்டது மூன்றாம் செமஸ்டரில், என் பக்கத்தில் நின்று. சுழலும் இரும்புக்கு அருகே கையைக் கொண்டுபோக அன்றைக்கு அவன் பயந்ததில் தப்பே இல்லை. நானும் 16 வயதில் அப்படித்தான் பயந்தேன். எனக்கு அந்தப் பயம் தெளிய மூன்று வருடம் இருந்தது, அவனுக்கு ஒரு செமஸ்டர்.

இரும்பைத் தொட்டுப் பழகும் விஷயத்தில் டிப்ளமோ வழிக்கு ஈடு கிடையாது. வேலைக்குப் போன பிறகும் இந்த வித்தியாசம் சில வருடம் தெரியும். கோவையில் ஒரு பம்பு கம்பெனி டிசைன் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வரும் இன்ஜினியர் வரைந்த டிராயிங்கைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், இவர் எப்போதாவது மெஷின் ஓட்டியிருக்கிறாரா என்று. டூல் உள்ளே போகவே முடியாத மூலையில் ஒரு பள்ளத்தை வரைந்து வைத்திருப்பார்கள்.

கணக்கு, அதாவது எம் த்ரீ

இப்போது நான் இடறிய இடத்துக்கு வருகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்டத்தில், மெக்கானிக்கல் மூன்றாம் செமஸ்டரின் கணிதப் பாடம் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். மாணவர் வாயில் அது இன்றும் எம் த்ரீ, மூன்றாவது கணிதத் தாள்தான். ஃபூரியர் சீரிஸ், ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், இசட் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் இதில் வரும். பிளஸ் டூ வழியாக வருகிறவன் இந்தப் பாடத்துக்கு வந்து சேரும்போது, பள்ளியில் இரண்டு வருடம் கணிதம் படித்திருக்கிறான். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இரண்டாம் செமஸ்டரில் புள்ளியியலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் முடித்திருக்கிறான். ஏணியில் நாலு படி ஏறி வந்தவன் ஐந்தாவது படியில் கால் வைக்கிறான்.

லேட்டரல் என்ட்ரி மாணவனுக்கு கல்லூரியில் முதல் நாளே மூன்றாம் செமஸ்டர். டிப்ளமோவில் கணிதம் பெரும்பாலும் ஆரம்ப செமஸ்டர்களிலேயே முடிந்துவிடும். அதிலும் இன்டக்ரேஷன் கொஞ்சம், டிஃபரன்ஷியேஷன் கொஞ்சம் என்று மேலோட்டமாகத்தான் போகும். கடைசி இரண்டு வருடம் கணிதப் புத்தகத்தைத் திறக்காமலே ஓட்டியவர்கள் உண்டு. நானும் ஓட்டினேன். முதல் வகுப்பில் பேராசிரியர் ஃபூரியர் சீரிஸ் கெழுக்களுக்கு இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ் போட ஆரம்பித்தார். "இது உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நாலு வரியைத் தாண்டினார். அந்த நாலு வரிதான் எனக்குத் தெரியாதது.

எம் த்ரீயில் எனக்கு அரியர் விழுந்தது. டிப்ளமோவில் முதல் வகுப்பில் தேறியவன், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பாடத்தில் தோற்றேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. என் பெஞ்ச் நண்பன்தான் ஹாஸ்டல் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், தன்னுடைய பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை எடுத்து இன்டக்ரேஷன் பாடத்திலிருந்து ஆரம்பித்தான். பதிலுக்கு நான் அவனுக்கு மெஷின் டிராயிங் சொல்லிக் கொடுத்தேன். சுழலும் தண்டைத் தாங்கும் பிளம்மர் பிளாக்கின் வெட்டுத் தோற்றத்தில் எந்தக் கோடு மறையும், எந்தப் பாகத்துக்குச் சாய்கோட்டு ஹேட்சிங் போடக் கூடாது என்று ஒவ்வொன்றாக. இரண்டு பேரும் அடுத்த செமஸ்டரில் தேறினோம்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பின்னால் பி.இ. படிக்கும் எண்ணம் இருக்கிற பிள்ளையை, கணக்கு வரவில்லை என்பதற்காக டிப்ளமோவில் சேர்க்காதீர்கள். கணக்கு மூன்று வருடம் தள்ளிப் போகுமே தவிர, மறைந்து போகாது. தள்ளிப் போய் வரும்போது இன்னும் கடினமாக வரும், சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் பள்ளி ஆசிரியரும் இருக்க மாட்டார். டிப்ளமோ சேர்வது என்றால், அந்த மூன்று வருடமும் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்களை வாரம் இரண்டு நாளாவது பிள்ளை கையில் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கணிதம் எதற்கு என்று கேட்கும் வாத்தியார்களையே பாலிடெக்னிக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். 25 எச்7 என்று டிராயிங்கில் போட்டிருந்தால், துளை 25.000-க்கும் 25.021 மி.மீ.-க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த 21 மைக்ரானுக்குள், அதாவது 0.021 மி.மீ.க்குள், ரீமர் என்ற சீவும் கருவியைப் போட்டுத் துளையை முடிப்பது எப்படி என்று டிப்ளமோவில் கற்றேன். அந்தத் துளையில் அழுத்தி ஏற்றிய ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, எவ்வளவு முறுக்கைத் தாங்கும், கீவே என்ற பள்ளம் வெட்டிய இடத்தில் அழுத்தம் ஏன் குவிகிறது, ஆயிரக்கணக்கான மணி நேரம் நன்றாக ஓடிய ஷாஃப்ட் ஒரு நாள் ஏன் அங்கேயே முறிகிறது என்பதெல்லாம் பி.இ.யில்தான் புரிந்தது. கணிதம் இல்லாமல் அது புரிந்திருக்காது. இரண்டில் எது உசத்தி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

இந்த வாதம் கோவைக்குப் பழையது. 1945-ல் இங்கே அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தவர் கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு. அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. நான்கு வருடப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணடிக்கிறது, இரண்டே வருடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அவர் வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். லேத் முன்னால் நின்றிருந்த காலத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். ஷாஃப்ட் முறிந்த காரணத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் வருட முடிவில் திறக்கும் கதவு

டிப்ளமோ வழியின் பெரிய பலம், நடுவில் ஒரு கதவு இருப்பது. மூன்று வருடம் முடிந்ததும் கையில் முழுமையான ஒரு சான்றிதழ் இருக்கும். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை கல்யாணம் நிற்கிறது என்றால் 18 வயதில் வேலைக்குப் போய்விடலாம். பிளஸ் டூ வழியில் அதே மூன்றாம் வருட முடிவில் பிள்ளை பி.இ. முதலாம் ஆண்டுதான் முடித்திருக்கும். அங்கே நின்றுவிட்டால் கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான்.

என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருவன் அப்படித்தான் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். நாலு வருடம் குடும்பத்தைத் தாங்கினான். பிறகு வேலையை விடாமலே கோவையில் பகுதி நேர பி.இ. சேர்ந்து மாலை வகுப்பில் ஏழு செமஸ்டர் படித்து முடித்தான். டிப்ளமோவும் வேலை அனுபவமும் இருப்பவர்களுக்கான படிப்பு அது. ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு பஸ் ஏறி வகுப்புக்குப் போவான். அவனைவிட வைராக்கியமான மாணவனை நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லோராலும் அது முடியாது. பகுதி நேரத்தில் சேர்ந்து பாதியில் விட்டவர்களும் நிறைய.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். அரசு பாலிடெக்னிக்கில் வருடக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கவும் பெரிய செலவு இல்லை. வித்தியாசம் பி.இ.யில் வருகிறது. தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற படிப்பு என்றால் 55,000 என்று 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தது. அதன் மேல் பஸ், ஹாஸ்டல், புத்தகம். லேட்டரல் என்ட்ரியில் ஒரு வருடக் கட்டணமும் ஒரு வருட ஹாஸ்டல் செலவும் மிச்சம். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாக மாறுகிறது. அக்காவிடம் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

7.5 சதவீதம்

2021-ல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்க வேண்டும் என்று. அந்த இடத்தில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய சொல் "12-ஆம் வகுப்பு வரை". பத்தாவதோடு பாலிடெக்னிக் போகிற அரசுப் பள்ளி மாணவன் இந்த உரிமையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறான். பத்து வருடம் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, இன்னும் இரண்டே வருடம் இருந்தால் கிடைக்கக்கூடிய இலவசப் பொறியியல் படிப்பை, யாரும் எடுத்துச் சொல்லாததால் இழக்கிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பத்தாவது ரிசல்ட் வந்த வாரமே ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயமும் பிளஸ் டூ பக்கம் சாய்கிறது. கவுன்சலிங்கில் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது. இப்போது கூட்டம் முதலில் ஓடுவது கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கு. முன்பெல்லாம் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்க எவ்வளவு அடிதடி என்று பழைய மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்போது அதே கல்லூரியில் கம்ப்யூட்டருக்குப் போதாத கட் ஆஃபில் மெக்கானிக்கல் கிடைத்துவிடுகிறது. மெக்கானிக்கலை விரும்பிப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இது நல்ல காலம். கிண்டி பொறியியல் கல்லூரியில், ஜி.சி.டி.யில், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் என்று ஆசைப்பட்ட இடத்தை எட்டிப் பிடிக்க வாய்ப்பு கூடியிருக்கிறது.

லேட்டரல் என்ட்ரி கவுன்சலிங் டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. தனியார் கல்லூரிகளில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் இடம் கொஞ்சம்தான், அதற்குத் தொண்ணூறு சதவீதக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் டிப்ளமோவை வைத்து இரண்டாம் ஆண்டில் நுழையும் வழியே இல்லை. அங்கே போகும் கனவு இருக்கிற பிள்ளைக்கு பிளஸ் டூவும் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வும்தான்.

வேலை என்று வரும்போது

இதில் நான் எதிர்பார்த்ததைவிட டிப்ளமோவுக்கு மரியாதை அதிகம். தமிழ்நாட்டில் மோட்டார் வாகன ஆய்வாளர் பதவிக்கு அடிப்படைத் தகுதி ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ, அதோடு ஒர்க்‌ஷாப் அனுபவமும் ஓட்டுநர் உரிமமும். ரயில்வேயிலும் மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்விலும் ஜூனியர் இன்ஜினியர் பதவிக்கு டிப்ளமோ போதும். இஸ்ரோவை எடுத்துக்கொண்டால், டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவிக்கு முதல் வகுப்பு டிப்ளமோ, சயின்டிஸ்ட் பதவிக்கு 65 சதவீதத்துடன் பி.இ. மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதனை நடக்கும் இடத்தில் இரண்டு பேருமே வேண்டும். டிப்ளமோவும் பி.இ.யும் சேர்த்து வைத்திருப்பவர் இஸ்ரோவில் இந்த இரண்டு வரிசையிலும் நிற்கலாம். பிளஸ் டூ வழியில் வந்தவருக்கு அந்த வசதி இல்லை.

தனியார் கம்பெனிகளில் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், அம்பத்தூர், கோவை எங்கே போனாலும் டிப்ளமோ டிரெய்னியை உற்பத்திப் பிரிவுக்கும், பி.இ. டிரெய்னியைத் தரம், திட்டமிடல், டிசைன் பக்கத்துக்கும் எடுக்கும் வழக்கம் இருக்கிறது. டிப்ளமோக்காரர் சூப்பர்வைசர் வரைக்கும் வேகமாகப் போய்விடுவார். அதற்கு மேல் ஒரு கதவு இருக்கும், அதைத் தள்ளப் பட்டம் கேட்பார்கள். பதினைந்து வருட அனுபவம் உள்ள சூப்பர்வைசர் ஒருவர் தன்னிடம் வேலை கற்ற பையனுக்குக் கீழே வேலை பார்க்க நேர்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் டிப்ளமோவோடு நிறுத்தலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் தாமதமானாலும் பட்டத்தை முடித்துவிடுங்கள்.

மேல்படிப்பில் இரண்டு வழிக்கும் கதவு ஒன்றுதான். எம்.இ., எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் 100-க்கு 13 மதிப்பெண் அளவுக்கு இன்ஜினியரிங் கணிதம் மட்டுமே இருக்கிறது, மற்ற பாடங்களுக்கு உள்ளேயும் கணிதம் ஓடுகிறது. அங்கேயும் பிளஸ் டூவில் அடித்தளம் போட்டவருக்குக் கை ஓங்கும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பி.இ. பட்டியல் மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் தொடங்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வழிகளும் உண்டு. பிளஸ் டூவில் எதிர்பார்த்த மார்க் வராவிட்டால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களும் அப்படியே. இதில் பட்டம் வாங்க ஒரு வருடம் கூடும், அவ்வளவுதான். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்து வருட சாண்ட்விச் பி.இ. இருக்கிறது, படிப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் மாறி மாறி வரும். பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கையும் கணக்கும் சேர்ந்து கிடைக்க அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை, கூடுதல் ஒரு வருடத்தைத் தாங்க முடிந்தால்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிடெக்னிக் மெக்கானிக்கல் வகுப்பில் இன்றும் இரண்டு மூன்று பேர் இருந்தால் பெரிது. 15 வயதில் அறுபது பையன்களுக்கு நடுவே ஒர்க்‌ஷாப்பில் நிற்பது எளிதில்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் கம்பெனியில் கணினி ஓட்டும் மெஷினுக்கான சி.என்.சி. புரோகிராம் எழுதுவதில் முதல் ஆள் டிப்ளமோ படித்து வந்த ஒரு பெண்தான். மகள் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். எந்த வழி என்பதை மட்டும், விடுதியையும் ஒர்க்‌ஷாப்பையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒன்று கவனியுங்கள். வேலை நாளில் போங்கள். லேத்துக்குக் கீழே உள்ள டிரேயில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, லேத்தின் அடித்தளமான பெட்டில் எண்ணெய் பளபளக்கிறதா என்று பாருங்கள். பெட்டில் துருவும் தூசியும் படிந்திருந்தால் அந்த மெஷின் இன்ஸ்பெக்‌ஷனுக்காக வாங்கி வைத்தது. அந்த பாலிடெக்னிக்கில் பிள்ளையைச் சேர்த்தால், டிப்ளமோவின் ஒரே பெரிய பலமும் கிடைக்காமல் போய்விடும். அதைவிட பிளஸ் டூ எவ்வளவோ மேல்.

அக்கா மகனுக்குச் சொன்னது

மூன்றாம் நாள் அவனையே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அக்காவிடம் நான் சொன்னதை எல்லாம் அவனிடமும் சொன்னேன். என் எம் த்ரீ அரியரையும் சேர்த்து. அக்காவுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் அவனிடம் மூன்று கேள்வி கேட்டேன். பத்தாவது கணக்கில் போன 12 மார்க் எங்கே போனது? வடிவியலில் இரண்டு படியை விட்டுவிட்டேன், வரைபடத்தில் அளவுத்திட்டம் தப்பு என்று யோசிக்காமலே சொன்னான். அப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு வரும். 18 வயதில் உன் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்படுமா? அம்மாவைப் பார்த்தான். அக்காதான் பதில் சொன்னார், "தேவைப்படாது கண்ணு, அப்பா பாத்துக்குவாரு." மூன்றாவது, இரண்டு வருடம் மெஷினைத் தொடாமல் புத்தகத்தோடு மட்டும் உட்கார முடியுமா? அதற்குத்தான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். "லீவுல இங்க வரலாமா மாமா?" என்று கேட்டான்.

அவன் நிலைமைக்கு பிளஸ் டூதான் சரி என்று சொன்னேன். கணக்கு வருகிறது, அரசுப் பள்ளி, வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டியதில்லை. இதில் ஏதாவது ஒன்று மாறியிருந்தாலும் என் பதில் மாறியிருக்கும். தனியார் பள்ளியில் படித்து, வீட்டில் நெருக்கடி இருக்கிற பையனாக இருந்திருந்தால், அன்று மாலையே அரசு பாலிடெக்னிக் விண்ணப்பத்தைப் போடச் சொல்லியிருப்பேன். கூடவே ஒரு கணிதப் புத்தகத்தையும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

ஜூனில் அதே பள்ளியில் கணிதப் பிரிவில் சேர்ந்துவிட்டான். கோவை கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். காலாண்டு விடுமுறையில் பத்து நாள் அங்கே கூட்டிப் போனேன். மெஷினைத் தொடக் கூடாது, பார்க்கலாம், பெஞ்ச் வைஸில் அரம் போடலாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 6 மி.மீ. தகட்டில் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தோம். பத்தாம் நாள் சாயங்காலம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வாசல் பக்கம் தூக்கிப் பார்த்தான். வெளிச்சம் வந்தது. தகட்டை என்னிடம் கொடுக்காமல், அரையாண்டு லீவுக்கு வருவேன் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டான்.